உங்கள் சொல் உயிரோடு உள்ளது

லோஷினி இறந்து நான்கு மாதம் கழித்து, அவள் கடைசியாகச் சொன்னது என்னவென்று இன்னும் முடிவாகவில்லை என்று பெக்கோக் என்ற சிற்றூரில் இருந்த அவளுடைய பெற்றோருக்கு ஒரு கடிதம் வந்தது.

அப்பா லெட்சுமணன் பள்ளி வேன் ஓட்டுபவர். ஐம்பத்தெட்டு வயது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி வாசலுக்கு எதிரே வேனை நிறுத்தி, மலாய் மொழியில் இருந்த அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். படிக்கப் படிக்க அது நீண்டுகொண்டே போவது போல இருந்தது.

லோஷினி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவள். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து எல்லைப் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் வந்ததும், காலை ஏழு பத்துக்கு, ஸ்கூடாயில் இருக்கும் தன் தோழி ஷப்னத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். ‘டெட் டயர்ட் லா. கோனா கிராஷ் அட் யுவர் பிளேஸ்.’ ஏழு ஐம்பதுக்கு, ஷப்னத்தின் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, அவளுடைய மோட்டார் சைக்கிள் ஒரு லாரியின் பின்பக்கத்தில் மோதியது. சாலையில் பிரேக் பிடித்த தடம் இல்லை.

விசாரணை அதிகாரி கடமை தவறாதவர். டெட் என்றால் சாவு, கிராஷ் என்றால் மோதல். இரண்டையும் நாற்பது நிமிடம் முன்பே ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார் என்பதை அவர் கவனித்தார். ‘வேண்டுமென்றே மோதியிருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினார். அந்த வரி நீங்க வேண்டுமானால், ஸ்கூடாயில் இயங்கும் ‘கொச்சை ஆங்கிலப் பொருள், மூலம் உறுதி மையம்’ ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்று கடிதம் முடிந்திருந்தது.

அன்று மத்தியானம் வேனில் கடைசியாக இறங்கும் ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயது மாணவியிடம் லெட்சுமணன் செய்தியைக் காட்டினார். “இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“ரொம்ப டயர்டா இருக்கு, உன் வீட்டுல வந்து தூங்கப் போறேன்னு அங்கிள். எல்லாரும் சொல்வாங்க லா.”

அதற்கு ஒரு நொடி ஆனது. மையத்துக்கு ஏழு மாதம் ஆனது.

மையம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. எந்நேரமும் வாகனங்கள் நகராமல் நிற்கும் சாலையைப் பார்த்தபடி இருந்த அதன் சன்னல்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். வெளிச் சத்தம் சொற்களைப் பாதிக்கும் என்பது காரணம். உள்ளே நடப்பவர்கள் மெதுவாக நடந்தார்கள். பேசுபவர்கள், எந்தச் சொல் எங்கே போய் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் பிணம் வைக்கும் அறைக்கு வெளியே லெட்சுமணன் கேட்ட அதே ஏர்கண்டிஷன் இரைச்சல் இங்கேயும் இருந்தது.

முகப்பில் இருந்த சந்திரமதி என்ற பெண் அவரிடம் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தாள். ஆறாவது கேள்வி: ‘சொன்னவர் நேரில் வருவாரா? வர இயலாவிட்டால் காரணம்.’

லெட்சுமணன் ‘இறந்துவிட்டாள்’ என்று எழுதினார்.

சந்திரமதி அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, இத எழுத முடியாதுங்க. அந்த டெட் இப்ப ஆய்வுல இருக்கு. நீங்களே செத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்தா, முடிவு வரதுக்கு முன்னாடியே அர்த்தம் சொன்ன மாதிரி ஆயிடும்.”

“பின்ன என்னம்மா எழுதறது?”

“வேற ஏதாச்சும். எல்லாரும் ‘வேலை’ன்னு எழுதுவாங்க.”

அடித்துத் திருத்தக்கூடாது என்பதால் அவள் புதிய பாரம் கொடுத்தாள். அதில் அவர் நிதானமாக, நல்ல கையெழுத்தில், ‘வேலை’ என்று எழுதினார். எழுதி முடித்த அந்தக் கணம் அவருக்கு அது உண்மையாகவே தோன்றியது. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் ஷிப்ட் முடிந்திருக்கும் என்று நினைத்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

காத்திருக்கும் இடத்தில் செல்லம் என்ற அம்மா பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை வருகிறார். அவருடைய மகன் முதன்முதலாக மேடையில் ஆடப் போன அன்று, அவன் சித்தப்பா ‘பிரேக் அ லெக்’ என்று வாழ்த்து அனுப்பினார். மகன் மேடையிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. கால் ஒடியட்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார் என்று புகார் ஆனது.

“கால் சரியாப் போச்சு. சித்தப்பாவும் பேச ஆரம்பிச்சிட்டாரு. போன வருஷம் அவர் வீட்டுலதான் தீபாவளி,” என்றார் செல்லம். “ஆனா இவங்க ஃபைல மூட மாட்றாங்க. அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு மூணு கதை இருக்காம். மூணுல எதுன்னு தெரியுற வரைக்கும் நாங்க சண்டையிலதான் இருக்கோமாம்.”

மையத்தின் இயக்குநர் டாக்டர் ரூபேந்திரன் விண்ணப்பதாரர்களைத் தானே வரவேற்பார். கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள். ஒன்று பொருளுக்கு, மற்றது மூலத்துக்கு. லெட்சுமணனைத் தன் அறையில் உட்கார வைத்து, அவருடைய இழப்பு பற்றி ‘அது உறுதியானதும்’ வருத்தம் தெரிவிப்பதாகச் சொன்னார்.

“ஸ்கூல் புள்ளகூட அர்த்தம் சொல்லுதே சார்,” என்றார் லெட்சுமணன்.

“அதான் பிரச்சனையே,” என்று ரூபேந்திரன் மலர்ந்தார். “அர்த்தம் ரோட்ல போறவங்களுக்கெல்லாம் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சத சொல்ல ஒரு மையம் எதுக்கு? நாங்க மூலத்தப் பாக்கறோம். கிராஷ்ங்கற சொல் படுக்கைக்கு எப்பப் போச்சு, யார் கூட்டிட்டுப் போனாங்க? விமானக்காரங்களா, பட்டாளத்துக்காரங்களா, ஊர் சுத்துற பசங்களா? உங்க பொண்ணு அத யார்கிட்டேருந்து வாங்குனாங்க? வாங்கறப்ப சுத்தமா இருந்துச்சா? இதெல்லாம் தெரியாம அவங்க தூங்கப் போனாங்கன்னு நாங்க எப்படிச் சொல்றது? பதினோரு வருஷத்துல நாங்க ஒரு சொல்லைக்கூட அவசரப்பட்டு முடிச்சதில்ல.” சற்று யோசித்து, நேர்மையோடு சேர்த்துக்கொண்டார். “முடிச்சதே இல்ல.”

மறுநாள் காலை வேனில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தபோது லெட்சுமணனின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது.

‘வணக்கம் லோஷினி. உங்கள் சொல்: கிராஷ். நிலை: உயிரோடு உள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி.’

மணி ஏழு பத்து. அதன் பிறகு தினமும் ஏழு பத்துக்கு அது வந்தது. அவர் ஸ்கூடாய்க்குப் போய், இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

“சிஸ்டம் சொன்னவங்க பேர்லதான் அனுப்பும் ஐயா. சொல் பிறந்த நேரத்துக்கு,” என்றாள் சந்திரமதி. “நிறுத்தணும்னா சொன்னவங்களே ‘நிறுத்து’ன்னு பதில் போடணும்.”

“நான் போடறேன்மா.”

“நீங்க போட்டா அது ஆள் மாறாட்டம் ஐயா.”

வீட்டில் மனைவி ராஜம்மாவிடம் அவர் இதைச் சொல்லாமல்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசி மேசையில் கிடந்தபோது அவளே பார்த்துவிட்டாள். மகள் பெயரைப் படித்தாள். ‘உயிரோடு உள்ளது’ என்பதையும் படித்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் கைப்பேசியைத் துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அடுத்த நாள் முதல், அவர் வேனை எடுக்கும் முன்பு கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏழு பத்துக்கு அது ஒலிக்கும். அவள் “ம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பாள்.

தீபாவளி விடுமுறையில் மூன்று நாள் செய்தி வரவில்லை. மூன்றாம் நாள் ராஜம்மா சாப்பிடவில்லை.

“ஏன் வரலன்னு போய்க் கேளுங்க,” என்றாள்.

“லீவு ராஜம்மா. ஆபீஸ் மூடியிருக்கும்.”

“போய்ப் பாருங்களேன். ஏதாச்சும் ஆயிருக்கப் போவுது.”

ஏதாவது ஆவதற்கு இனி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில், இரண்டு மணி நேரம் வேன் ஓட்டி ஸ்கூடாய்க்குப் போனார். மையம் பூட்டியிருந்தது. மூடிய கதவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “நல்லாத்தான் இருக்கு, லீவு முடிஞ்சதும் வரும்,” என்றார். ராஜம்மா சாப்பிட்டாள்.

ஐந்தாவது மாதம் தொனி ஆய்வுக்கு அவரை அழைத்தார்கள். எழுத்தில் குரல் இல்லை என்பதால், சொன்னவர் எந்தத் தொனியில் சொல்லியிருப்பார் என்பதைக் கண்டறிய வேண்டும் என்றார் ரூபேந்திரன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மையத்தின் ஊழியர்கள் வரிசையாக வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் லோஷினியின் செய்தியை வாசித்தார்கள். கோபமாக ஒருவர். விரக்தியாக ஒருவர். தேர்தல் முடிவு அறிவிப்பவர் போல ஒருவர். லெட்சுமணன் ஒலிபெருக்கியின் கீழே கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவதாக வந்தவள் சந்திரமதி. தாளைப் பார்க்காமல் சொன்னாள். ‘டெட் டயர்ட் லாஆ…’ என்று அந்த ‘லா’வைக் கொஞ்சம் இழுத்து, கடைசியில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

லெட்சுமணன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் அவரைப் பார்த்துவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டாள். எதற்கோ மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

“இதுதான் சார். இப்படித்தான் பேசுவா,” என்றார்.

“உறவுக்காரங்க அடையாளம் காட்டறது செல்லாது,” என்று ரூபேந்திரன் குறித்துக்கொண்டார். “தொனி: தெளிவில்லை.”

வெளியே வந்தபோது நடைவழியின் சுவர் முழுக்க அந்தச் செய்தியை ஆள் உயர எழுத்தில் அச்சடித்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆசிரியர்களுக்கான பட்டறை. ‘சிறந்த மாதிரி வாக்கியம்’ என்று தேர்வாகியிருந்தது. ஏணி மேல் நின்றவர், “நேரா இருக்கா அங்கிள்?” என்று கேட்டார். லெட்சுமணன் தள்ளி நின்று பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொன்னார். சொன்ன பிறகுதான், தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

ஏழாவது மாதம் இறுதி அமர்வு. ஐந்து பேர் கொண்ட குழு, ரூபேந்திரன் தலைமை. செய்தியைப் பெற்றவள் என்ற முறையில் ஷப்னம் வந்திருந்தாள். அவள் அப்பா ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடைக்கு மேலேயே வீடு. அவள் லெட்சுமணனைப் பார்த்ததும், “அங்கிள்,” என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லோஷினியின் இறுதிச் சடங்குக்குப் பிறகு அவர்கள் இன்றுதான் பார்த்துக்கொள்கிறார்கள்.

“அந்தச் சொல்லை நீங்க என்னன்னு புரிஞ்சிக்கிட்டீங்க?” என்றார் ரூபேந்திரன்.

“தூங்க வரான்னு.”

“ஆதாரம்?”

ஷப்னம் விழித்தாள். “பாய் விரிச்சேன் சார். ஃபேனைப் போட்டு வெச்சேன். எங்கம்மா அவளுக்குன்னு நாசி லெமாக் எடுத்து வெச்சாங்க, நெத்திலி இல்லாம. அவளுக்கு நெத்திலி புடிக்காது. எட்டு மணிக்குச் சாப்பாடு ஆறிடுச்சேன்னு போன் போட்டேன். எட்டே காலுக்கும் போட்டேன்.” நிறுத்தினாள். “அப்புறம் எண்ணல.”

குழுவில் ஒருவர் கை தூக்கினார். “பாய் ஆங்கிலம் இல்ல.”

“சரியான கருத்து,” என்றார் ரூபேந்திரன். “கேட்டவங்க பாய் விரிச்சதுனால சொன்னவங்க தூக்கத்ததான் சொன்னாங்கன்னு ஆயிடாது. நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டு விரிச்சிருக்கலாம். அந்தச் சொல்லோட மூலம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“மூலம் தெரியாமலே பாய் விரிச்சிருக்காங்க,” என்று அவர் மற்ற நால்வரைப் பார்த்துச் சொன்னார். நால்வரும் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது லெட்சுமணன் எழுந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை.

“சார், நான் ஒண்ணு சொல்லணும். இத நான் யாருக்கும் சொல்லல, என் வீட்டுக்காரிக்கும் சொல்லல.” குரல் தெளிவாகத்தான் இருந்தது. “அவ அந்த வாரம் பெக்கோக் வரேன்னு சொன்னா. வெள்ளிக்கிழம போன் பண்ணி, முடியாதுப்பா, ரொம்ப அசதியா இருக்கு, அடுத்த வாரம் வரேன்னா. இதோட நாலு வாரம். எனக்குக் கோவம். ‘இந்த வாரம் வரலன்னா இனிமே வரவே வேணாம்’னு சொல்லிட்டு வெச்சிட்டேன். அவ கடைசியா கேட்டது அதுதான். நீங்க அவ சொன்னத ஏழு மாசமா விசாரிக்கிறீங்க. நான் சொன்னத விசாரிங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியணும். நான் நெஜமாவா சொன்னேன்?”

ஷப்னம் அவருடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரூபேந்திரன் தன் இரண்டு அட்டைகளையும் தொட்டுப் பார்த்தார்.

“அது தமிழ் ஐயா,” என்றார் கடைசியில். “எங்க வரம்புக்குள்ள வராது. அதுக்கு அர்த்தம் இருக்கா இல்லையான்னு எங்களால சொல்ல முடியாது.”

சந்திரமதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். லெட்சுமணன் குடித்தார். அமர்வு ஒத்திவைக்கப்பட்டது.

அத்துடன் கோப்பு இன்னும் பத்து வருடம் தூங்கியிருக்கும். ஆனால் அடுத்த வாரம் மையத்துக்குப் பன்னிரண்டாம் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டவர், முடித்துக்கொடுத்த சொற்களில் ஒன்றைத் தன் கையால் வழங்க விரும்புவதாகத் தெரிவித்திருந்தார். அப்படி ஒன்று இல்லை. மூன்று நாள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு, தாள்கள் மிகவும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த காரணத்தால், லோஷினியின் கோப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது.

விழாவில் ரூபேந்திரன் நாற்பது நிமிடம் பேசினார். “ஒரு சொல்லுக்குள்ள உயிர் இருக்கா, அது தூங்குதா, செத்துப்போச்சான்னு சொல்ல ஊருக்கு ஒரு இடம் வேணும். மக்கள் ஒருத்தர் சொல்றத ஒருத்தர் தானாவே புரிஞ்சிக்க ஆரம்பிச்சிட்டா, நம்ம நிலைமை என்ன ஆவறது?” என்று கேட்டார். பலமான கைதட்டல். செல்லம் அம்மாவும் கை தட்டினார். அடுத்தது தன்னுடையது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

லெட்சுமணனை மேடைக்கு அழைத்து, சிவப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னபோது அவர் பல்லைக் காட்டினார்.

கீழே வந்து படித்தார். ‘டெட்’ என்பது ‘மிகவும்’ எனப் பொருள்படும். ‘கிராஷ்’ என்பது ‘உறங்குதல்’ எனப் பொருள்படும். இச்சொற்களுக்கு வேறு பொருள் இல்லை. எனவே லெட்சுமணன் மகள் லோஷினி மிகவும் களைப்படைந்து, மேற்படி தேதி முதல், ஸ்கூடாயில் தோழி ஷப்னம் வீட்டில் உறங்குவதாக இம்மையம் உறுதி செய்கிறது.

“இதுல மோதுனது இல்லையேம்மா,” என்றார் சந்திரமதியிடம்.

“ஒரு சான்றிதழ்ல ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் ஐயா போட முடியும். அத எடுத்துட்டாங்க.” அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. “ஆனா அந்த ‘வேண்டுமென்றே’ங்கற வரி போயிடும். காலைலயே அனுப்பிட்டேன். இனிமே மெசேஜும் வராது ஐயா. கோப்பு மூடியாச்சு.”

ராஜம்மாவிடம் நாளைக் காலை ஏழு பத்துக்கு என்ன சொல்வது என்று அவர் நினைத்தார்.

சட்டத்தை மார்போடு அணைத்தபடி அவர் வேனில் ஏறினார். பெக்கோக்குக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். இடது பக்கம் திரும்பினார். ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மத்தியான நெரிசலில், லோஷினி கடக்காமல் விட்ட அந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாட்டுக் கடையின் பக்கவாட்டில் இருந்த படியில் ஏறிக் கதவைத் தட்டினார்.

ஷப்னத்தின் அம்மா ரசியா திறந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவரையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஷப்னம் வேலைக்குப் போயிருந்தாள்.

லெட்சுமணன் சட்டத்தை நீட்டினார். என்ன சொல்ல வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“என் மக,” என்றார். “இங்க தூங்கறாளாம்.”

ரசியா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கி, கடைசி வரி வரை படித்தார். முடித்ததும் உள்ளே, மூடியிருந்த அறைக் கதவு ஒன்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பு வைக்கும் இடத்தைக் காட்டி, ஒதுங்கி வழி விட்டார்.

“உள்ள வாங்கண்ணே,” என்றார், அடங்கிய குரலில். “மெதுவா.”

லெட்சுமணன் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தார். ரசியா தேத்தண்ணி கொண்டுவந்தார். கரண்டி கோப்பையில் படாமல் கலக்கினார். சாயங்காலம் வரைக்கும் இருவரும் அங்கே உட்கார்ந்து, இந்த வருட மழையைப் பற்றியும் பள்ளி வேன் பெர்மிட்டைப் பற்றியும், பக்கத்து அறையில் யாரோ தூங்கும்போது பேசுகிறவர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தார்கள்.